பேர் எழுதாமல் விட்ட இடம்

தெலுக் ஆன்சன்
6 ஜூலை 1925

தம்பி சீனிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, கடையும் நடக்கிறது. ஆகையால் நலம் விசாரித்துப் பக்கத்தை நிரப்பாமல் காரியத்துக்கு வருகிறேன்.

சீன முதலாளி லிம் தவுக்கே நம் கடையை விற்கப் போகிறாராம். மூன்று வருஷமாக மாதம் தவறாமல் வாடகையும் வாங்கிக்கொண்டு, நம் மீன் குழம்பையும் ஓசியில் சாப்பிட்டுப் போன மனுஷன். போன வெள்ளிக்கிழமை வந்து, "நல்லம்மா, நீயே வாங்கு லா. இல்லேன்னா தீபாவளிக்குள்ள காலி பண்ணு" என்கிறார். ஏன் என்றால் பணம் வேண்டுமாம், ரொம்ப சூசாவாம். ரப்பர் விலை ஏறி ஊரே தங்கப்பல் கட்டிக்கொண்டு திரிகிறது, இவருக்கு மட்டும் என்ன கஷ்டமோ தெரியவில்லை. இரண்டாயிரம் வெள்ளி கேட்கிறார்.

என்னிடம் பணம் இல்லை, பங்கு இருக்கிறது. உன் மச்சான் புக்கிட் லாடா தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தபோது, ரப்பர் விழுந்து கிடந்த நேரத்தில், கம்பெனிப் பங்கைச் சில்லறைக் காசுக்கு வாங்கிப் போட்டார். லயத்துப் பெண்கள் எட்டுப் பேரையும் வாங்க வைத்தார். "இந்தக் காகிதத்தை அடுப்பில் வைத்தால் சோறு வேகுமா" என்று நீ அன்றைக்குக் கேட்டது எனக்கு மறக்கவில்லை. இன்று பேப்பரில் ஒரு பங்கு நாலு வெள்ளி. என்னுடையது ஐந்நூறு பங்கு. அவர்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்து இன்னோர் ஐந்நூறு.

எல்லாருடைய பத்திரமும் ஈப்போவில் ஹாலம் துரை என்ற புரோக்கர் ஆபீசில் பத்திரமாக இருக்கிறது. நீ செமோரில்தானே இருக்கிறாய், ரயில் ஏறினால் உடனே ஈப்போ. போய் என்னுடையதை விற்றுப் பணத்தை அனுப்பு. ரசீதைத் தபாலில் வைக்கப் பயமாக இருக்கிறது. நம்பரைத் தனித்தாளில் எழுதி இதில் வைத்திருக்கிறேன்.

அக்கா
நல்லம்மாள்


செமோர்
12 ஜூலை 1925

அக்காவுக்கு,

உன் காரியத்துக்காக ஒரு நாள் லீவு போட்டேன். நான் இல்லாத அன்றைக்குத்தான் பம்பு நிற்க வேண்டும் என்று அதற்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். ஈயம் தோண்டுகிற லம்பத்தில் பாதிக் குழி தண்ணீர் நின்று, வெள்ளைக்கார மேனேஜர் என்னைத் தின்னாத குறை. சரி, அதை விடு.

பங்கு விற்கவில்லை.

ஹாலம் ஆபீசில் துரை இல்லை. பழனியப்பன் என்கிற கிராணி இருந்தார். உனக்குத் தெரிந்தவராம், "அக்கா கைமணம் எப்படி" என்று குசலம் விசாரித்தார். நான் குழம்பைப் பற்றிப் பேசவா ரயில் ஏறினேன்?

"பங்கை விக்கணும்" என்றேன்.

"தாராளமா விக்கலாம் தம்பி. அடுத்த வாரம் வாங்க."

"இன்னைக்கு என்ன கேடு?"

"இன்னைக்கு மார்க்கெட் சரியில்ல."

"சரியில்லன்னு நாங்கதானே சொல்லணும்? பங்கு எங்களது."

"ஏன் இவ்வளவு அவசரப்படுறீங்க லா."

பத்திரத்தைக் கண்ணில் காட்டச் சொன்னேன். இரும்புப் பெட்டியில் இருக்கிறதாம், சாவி துரையிடமாம், துரை பினாங்கிலாம். ஒரு சாவி ஊரில் இல்லாவிட்டால் ஆபீசே படுத்துவிடுகிறது. எங்கள் பம்பு தேவலை.

சுவரில் கரும்பலகை மாட்டி விலை எழுதியிருந்தார்கள். எல்லா ரப்பர்ப் பங்கும் ஏறியிருக்கிறது. புக்கிட் லாடா ஒன்றுதான் இறங்கி மூன்று நாற்பதில் நிற்கிறது. தோட்டத்தில் தீ கீ பிடித்ததா? மரத்தில் நோயா? இதை விசாரித்து எழுது.

இன்னும் இரண்டு கேள்வி. அந்த ஆபீசில் நீங்கள் ரசீது வாங்கியதைத் தவிர வேறு எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? போன தவணை லாபப் பணத்தைக் கம்பெனி அனுப்பியதா, ஹாலம் ஆபீஸ் அனுப்பியதா? சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

சீனி


தெலுக் ஆன்சன்
16 ஜூலை 1925

தம்பிக்கு,

போலீஸ்காரன் மாதிரிக் கேள்வி கேட்க உன்னை அனுப்பவில்லை. பங்கை விற்கத்தான் அனுப்பினேன்.

இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். தோட்டத்துக்கு ஒன்றும் இல்லை. அந்த எட்டுப் பேரில் காளியம்மா நேற்றுச் சாயங்காலம் சாமான் வாங்க வந்தபோது கேட்டேன். "தினம் பால் எடுக்கிறவ நான். வாளி வழியுது. மரம் நல்லாருக்கு, மழை நல்லாருக்கு, கங்காணி வாய் மட்டுந்தான் நல்லால்ல. இதுல விலை எறங்குதுன்னா ஈப்போவுல உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் ஏதோ நோவு" என்றாள்.

கையெழுத்து விஷயம். போன வருஷம் பழனியப்பன் லயத்துக்கே மைப்பெட்டியோடு வந்தார். பத்திரத்தை ஆபீசில் கொடுத்துவைத்தால் திருட்டுப் பயம் இல்லை, கறையான் பயம் இல்லை என்றார். கூடவே பங்கை வாங்குகிறவன் பேருக்கு மாற்றிக் கொடுக்கிற மாற்றுப் பத்திரமும் ஆளுக்கொன்று வைத்திருந்தார். பின்னால் விற்க நினைத்தால் அதற்கென்று ரயில் ஏறி வர வேண்டாம், இப்போதே ரேகை வைத்துவிட்டால் போதும் என்றார். வாங்குகிறவன் பேர் எழுதும் இடம் காலியாக இருந்தது. வாங்குகிறவன் யார் என்று தெரியாதபோது எப்படி எழுதுவது? நியாயமாகத்தானே பட்டது. எட்டுப் பேரும் ரேகை வைத்தார்கள், அன்றைக்கு அங்கே போயிருந்த நானும் கையெழுத்துப் போட்டேன்.

லாபப் பணம் ஹாலம் ஆபீசில் இருந்து மணியார்டரில் வந்தது. கொஞ்சம் பிந்தி வந்தது. வந்ததா இல்லையா?

அடுத்த வாரம் போய் விற்றுவிடு.

நல்லம்மாள்


செமோர்
20 ஜூலை 1925

அக்காவுக்கு,

விற்க முடியாது. விற்க அங்கே பங்கே இல்லை.

பழனியப்பனை ஸ்டேஷன் எதிரே காப்பிக் கடையில் பிடித்தேன். ஒளிக்கவில்லை அந்த மனுஷன். பெருமையாகவே சொன்னார். "இது எல்லா ஆபீசுலயும் நடக்கிறதுதான் தம்பி. சும்மா பெட்டியில தூங்குற பங்கை நாலு பேருக்குக் கடன் கொடுக்கிறோம். திரும்பி வந்துடும்."

உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். ஒருத்தன் கையில் புக்கிட் லாடா பங்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அதன் விலை இறங்கும் என்று நினைக்கிறான். ஹாலமிடம் போய் உன் பங்கைக் கடன் வாங்குகிறான். நாலு வெள்ளிக்கு விற்கிறான். பிறகு விலை இரண்டு வெள்ளிக்கு இறங்கினால், அந்த விலைக்கு யாரிடமாவது வாங்கி ஹாலமிடம் திருப்பிவைக்கிறான். நடுவில் இருக்கிற இரண்டு வெள்ளி அவனுக்கு. கடன் கொடுத்ததற்குக் கட்டணம் ஹாலமுக்கு. பங்குக்குச் சொந்தக்காரி உனக்கு என்ன? நாமம். நீங்கள் பேர் எழுதாமல் விட்ட இடத்தில் எவன் பேரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எழுதியும்விட்டார்கள். கம்பெனி லாபப் பணத்தை அந்தப் புதுப் பேருக்கு அனுப்புகிறது. உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று கடன் வாங்கினவனிடம் பணம் பிடுங்கி ஹாலம் மணியார்டர் போடுகிறார். அதுதான் பிந்தி வந்தது.

விலை ஏன் இறங்குகிறது? அவன் விற்கிறதால். அவன் விற்கிறது எதை? உன்னுடையதை. நம் கிணற்றிலேயே பம்பு வைத்து இறைத்து நம் வாசலிலேயே தண்ணீர் விற்கிறான், பிறகு கிணறு வற்றுகிறது என்று நம்மிடமே சொல்கிறான்.

விலை இறங்கும் என்று ஒருவன் நினைத்தால் நினைக்கட்டும், பந்தயம் கட்டட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. பங்குக்காரியைக் கேட்டு வாங்கினானா? கட்டணத்தில் அவளுக்குப் பாதி கொடுத்தானா? அவள் விற்க வந்த அன்றைக்குத் திருப்பிவைத்தானா? இந்த மூன்றும் இல்லாதபோது அதற்குப் பேர் வியாபாரமா?

கட்டைவிரலை நீட்டு என்றால் நீட்டுகிற கைநாட்டுக் கூட்டம், அவர்களை விடு. எழுதப் படிக்கத் தெரிந்த உனக்குப் புத்தி எங்கே போயிற்று?

சீனி


தெலுக் ஆன்சன்
24 ஜூலை 1925

சீனிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து எட்டுப் பேருக்கும் சத்தமாக வாசித்தேன். அவர்கள் பணமும் அதில் இருக்கிறதே. கைநாட்டுக் கூட்டம் என்ற இடம் வருமென்று எனக்கு முன்னாடியே தெரியாது. பாதி வார்த்தை வாயைவிட்டு வந்த பிறகு விழுங்க முடியவில்லை.

கருப்பம்மாள் எழுந்து போய்விட்டாள். வீரம்மா, "உன் தம்பி பம்புக்கு ஊத்துற எண்ணெயில கொஞ்சம் நாக்குல தடவிக்கலாம்" என்றாள்.

ஈப்போவுக்கு ஒரு தடவை போய்வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. மறுநாள் பேர் கூப்பிடும்போது கங்காணி எல்லார் முன்னாலும் வைகிறான். அதற்குப் பயந்துதான் அவர்கள் ரேகை வைத்தார்கள், மூளை இல்லாமல் இல்லை. டெக்னிக்கல் ஸ்கூலில் படித்தவனுக்கு இது மறந்துபோகலாம். நம் அம்மா எங்கே பால் வெட்டினாள் என்பதும் சேர்ந்து மறந்துவிட்டதா?

புத்தி எங்கே போயிற்று என்று கேட்டாய். உன் மச்சானை அடக்கம் பண்ணி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். அவருக்குத் தெரிந்த ஆபீஸ், அவரோடு பேசின கிராணி. அங்கேதான் போயிற்று.

லிம் தவுக்கே நேற்றும் வந்தார். சோறு வேண்டாம் என்று காப்பி மட்டும் குடித்தார். விலை இரண்டு எண்பது என்று பேப்பரில் பார்த்தேன். பார்த்ததும் அவரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. என் கஷ்டம் அவருக்கு என்ன சிரிப்போ.

திட்டி முடித்துவிட்டாயானால் என்ன செய்வது என்று சொல்.

நல்லம்மாள்


செமோர்
27 ஜூலை 1925

அக்காவுக்கு,

நான் எழுதினதில் விஷயம் தப்பில்லை. அந்த வார்த்தை தப்பு. கருப்பம்மாளிடம் சொல். கங்காணி விஷயமும் எனக்கு மறக்கவில்லை, அந்த நேரத்தில் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கவனமாகக் கேள். கடன் வாங்கி விற்கிறவனுக்கு ஒரே ஒரு பலவீனம். கேட்டால் திருப்ப வேண்டும். புக்கிட் லாடா சின்னக் கம்பெனி. பெரும்பாலான பங்கு சீமையில் இருக்கிறவர்களிடம் கிடக்கிறது, அவர்கள் விற்கிறதில்லை. நீங்கள் ஒன்பது பேரும் ஒரே நாளில், "எங்கள் பங்கை எங்கள் பேரிலேயே பத்திரமாகத் திருப்பிக் கொடு" என்று கேட்டால் ஹாலம் கடன்காரனைப் பிடிப்பார். கடன்காரன் சந்தைக்கு ஓடுவான். சந்தையில் சரக்கு இருக்காது. விலை தானாக ஏறும். ஒருத்தி மட்டும் கேட்டால் எங்கேயாவது புரட்டிக் கொடுத்து வாயை மூடிவிடுவார்கள். ஒன்பதும் ஒரே தபாலில் போக வேண்டும்.

ஒன்பது கடிதமும் எழுதி இதில் வைத்திருக்கிறேன். ரேகை வைத்து ரிஜிஸ்தர் தபாலில் போடு. இந்தத் தடவை ரேகைக்கு மேலே காலி இடமே விடவில்லை, ஓரம்வரை எழுதியிருக்கிறேன்.

ஒரே நிபந்தனை. ஒன்பது பேருக்கும் வந்து சேரும்வரை ஒருத்தியும் தனியாக விற்கக்கூடாது. விலை ஏறுகிறபோது முதலில் ஓடுகிறவளுக்கு லாபம், மற்ற எட்டுப் பேருக்குக் குழி. உனக்குக் கடை அவசரம் என்று எனக்குத் தெரியும். அதனால் முக்கியமாக உனக்குத்தான் சொல்கிறேன்.

சீனி


தெலுக் ஆன்சன்
9 ஆகஸ்ட் 1925

தம்பிக்கு,

கடிதம் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் பழனியப்பன் நேரில் வந்தார். சட்டையெல்லாம் ரயில் கரி. பேப்பரில் விலை நாலு தொண்ணூறு.

முதலில் காளியம்மா பங்கைக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். ஒரு பத்திரமும் அதோடு ரேகை வைத்த மாற்றுத்தாளும் எடுத்து மேஜையில் வைத்தார். காளியம்மா அந்த ரேகையைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள்.

"இது என் ரேகை இல்ல."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. பங்கு பங்குதானே."

"என் கட்டைவிரல்ல பால்கத்தி வெட்டுன தழும்பு இருக்கு பாரு. ரேகை வச்சா நடுவுல கோடு விழும். இதுல கோடு எங்க? இது ஆம்பள விரலு."

நான் பத்திரத்தை வாங்கிப் படித்தேன். புக்கிட் லாடா பங்குதான், ஆனால் பேர் பாரிட் புந்தார், ஐயாவு என்று இருந்தது. நெல் ஆலைத் தொழிலாளி என்று தொழிலும் போட்டிருந்தது. மாற்றுத்தாளில் வாங்குகிறவன் பேர் எழுதும் இடம் காலி.

"இந்த ஐயாவு யாரு, உங்க ஆபீசுக்குப் பங்கைக் கொடுத்துவச்ச ஆளா?" என்றேன்.

பழனியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

காளியம்மா தாளை அவர் பக்கம் தள்ளினாள். "அவன்கிட்ட புடுங்கி எனக்குக் கொடுக்குறியா? நாளைக்கு அவன் கேட்டா யார்கிட்ட புடுங்குவே? எடுத்துட்டுப் போ ஐயா. சோறு தின்னுட்டுப் போ, அதுக்குக் காசு கொடு."

அப்படியே சோறு தின்று, காசு கொடுத்து, அந்தத் தாளோடு மூன்று மணி ரயிலுக்குப் போனார். ஐயாவு விலாசத்தை நான் எழுதிவைத்துக்கொண்டேன். இதில் இருக்கிறது.

இன்னொன்று. லிம் தவுக்கே சிரிப்பை விட்டுவிட்டார். அடுத்த கதவுக் கடையும் காலியாக இருக்கிறதே, அதையும் விற்கிறேன், ஆள் இருந்தால் சொல் என்கிறார். உடனே பணம் வேண்டுமாம்.

நல்லம்மாள்


செமோர்
13 ஆகஸ்ட் 1925

அக்காவுக்கு,

காளியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நான் எழுதின நாலு பக்கத்தை அவள் ஒரு பேச்சில் சொல்லிவிட்டாள்.

ஐயாவுக்கு அன்றைக்கே எழுதினேன். பதில் உடனே வந்தது. அவருக்கும் பழனியப்பன்தான், அதே மைப்பெட்டிதான். மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிவைத்த பங்காம். அவரும் திருப்பிக் கேட்டு எழுதிவிட்டார்.

நேற்று ஹாலம் துரையையே பார்த்தேன். சாவி இப்போது ஊரில் இருக்கிறது. துரை மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சல். "பங்கு என்பது வெள்ளி நோட்டு மாதிரி, எந்த நோட்டாக இருந்தால் என்ன" என்றார். "நான் கொடுத்துவைத்த நோட்டைத் திருப்பிக் கேட்டால் அடுத்தவன் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுப்பீர்களா" என்று கேட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த மூன்று தவுக்கேமாருக்கும் கேட்கும்படி கேட்டேன். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். வெளியே போகச் சொன்னார்.

கரும்பலகையில் ஏழு வெள்ளி. கடன் வாங்கி விற்றவர்கள் பங்கு தேடி பினாங்குவரை ஆள் அனுப்புகிறார்கள். இந்த மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்க வேண்டுமாம். இன்னும் பிடித்துக்கொண்டு இருங்கள். ஏறும்.

இதற்கென்று ஒரு விதி வேண்டும் என்று ஈப்போ புரோக்கர்கள் எல்லாருக்கும் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். பேர் எழுதாத தாளில் ரேகை வாங்கக்கூடாது, பங்குக்காரியைக் கேட்காமல் கடன் கொடுக்கக்கூடாது, கேட்ட அன்று திருப்ப வேண்டும். மூன்றே வரி. படிக்காமல் இருக்க அவர்களுக்குச் சாக்கு இல்லை.

சீனி


தெலுக் ஆன்சன்
20 ஆகஸ்ட் 1925

தம்பிக்கு,

கோபப்படாமல் கடைசிவரை படி.

நேற்று மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு லிம் தவுக்கே வந்து உட்கார்ந்தார். "நல்லம்மா, உன் ஹாலம் ரசீதை எனக்குக் கொடு. கடையை எடுத்துக்கோ" என்றார்.

என்னிடம் ரசீது இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? பங்கு விலை விழுந்தது என்று புலம்பினேனே தவிர ரசீதைப் பற்றி நான் வாய் திறந்ததே இல்லை. அப்போதுதான் அந்தச் சிரிப்பும், சிரிப்பு போனதும், கடை விற்கிற அவசரமும் எல்லாம் ஒரு கோட்டில் வந்தது.

"தவுக்கே, எங்க பங்கைக் கடன் வாங்கி வித்தது நீங்கதானா?"

காப்பியைத் தள்ளி வைத்தார். "உன்னுதுன்னு தெரியாது லா. துரை ஆபீசுல பேர் சொல்ல மாட்டான். ரப்பர் விழும்னு நினைச்சேன். ஏறுது, ஏறுது, துரை டெபாசிட் கேக்கிறான், கடையை விக்கப் பார்த்தேன். எறங்குச்சு, தப்பிச்சேன்னு நினைச்சேன். இப்ப ஏழு வெள்ளி. யார் யார் கேட்டு எழுதினதுன்னு துரை நேத்துதான் பேரைக் காட்டினான். செத்தேன்."

சீனி, அந்த மனுஷனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, குழம்புச் சட்டியைத் தலையில் கவிழ்க்கலாம் போலவும் இருந்தது.

என் ரசீதை மட்டும் கொடுத்திருந்தால் அந்த நிமிஷமே கடை என்னுடையது. பொய் சொல்லவில்லை, கை பெட்டிப் பக்கம் போயிற்று. பிறகு சொன்னேன், "ஒன்பது ரசீதும் சேர்ந்துதான். இல்லேன்னா ஒண்ணும் இல்ல."

சாயங்காலம் எட்டுப் பேரையும் வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வெள்ளி கேட்கலாம் என்றாள் வீரம்மா. கருப்பம்மாள்தான், "ஏழு வெள்ளி சுவத்துல எழுதியிருக்கு. நம்ம கையில இருக்கா?" என்றாள். ஜூலை மாதம் நான் விற்கக் கேட்ட அன்றைய விலை நாலு வெள்ளி. அதைத்தான் கேட்டோம். ஆயிரம் பங்குக்கு இரண்டு கதவு. இந்தக் கடை எனக்கு, அடுத்த கதவு அவர்கள் எட்டுப் பேருக்கும் பொதுவில். ரசீது ஒன்பதும் அவர் கையில் இருந்தால் ஹாலமிடம் அவர் கணக்குத் தீர்ந்துவிடும், பங்கு தேடி அலைய வேண்டாம்.

லாயர் ஆபீசில் ஒப்பந்தம் எழுதி அவர் தன் முத்திரைச் சாப்பு குத்திவிட்டார். கிரயம் எழுத இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். இரண்டு கதவுக்கும் அளவு எடுத்து இதில் வைத்திருக்கிறேன், பிளான் போட்டு அனுப்பு.

நீ பிடித்துக்கொண்டு இருக்கச் சொன்னாய். எங்களால் அவ்வளவுதான் பிடிக்க முடிந்தது.

அக்கா
நல்லம்மாள்


செமோர்
21 ஆகஸ்ட் 1925

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். கெட்ட செய்தி.

இன்று காலை ஈப்போ புரோக்கர்கள் கூடிப் பேசினார்களாம். என் விண்ணப்பத்தை அல்ல. புக்கிட் லாடாவில் "அசாதாரண நிலைமை" ஏற்பட்டுவிட்டதாம். கடன் வாங்கி விற்றவர்கள் இனிமேல் பங்கைத் தேடித் திருப்ப வேண்டியதில்லை, ஒரு பங்குக்கு மூன்று வெள்ளி கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று முடிவு. நேற்றுவரை ஏழு வெள்ளி எழுதியிருந்த பலகையைத் துடைத்துவிட்டு மூன்று என்று எழுதிவிட்டார்கள். சுண்ணாம்புக்கட்டி அவர்கள் கையில்.

நம் பங்கைச் சொல்லாமல் எடுத்து விற்று விலையை இறக்கியபோது "மார்க்கெட் மார்க்கெட்தான், நாங்கள் என்ன செய்ய" என்றார்கள். அதே மார்க்கெட் அவர்கள் கழுத்தைப் பிடித்ததும் கூட்டம், முடிவு, விதி. பத்து நாளில் விதி செய்ய முடியும் என்றால் என் மூன்று வரிக்கு ஏன் முடியவில்லை?

பழனியப்பனைக் கேட்டேன். "நீங்க ஆபீசுல போட்ட சத்தத்துலதான் தம்பி எல்லாரும் முழிச்சுக்கிட்டாங்க" என்றார். இருக்கலாம். அதற்காகக் குசுகுசுவென்று பேச எனக்கு வராது.

கடை போய்விட்டது என்று நினைக்கிறேன். என் சேமிப்பு முந்நூறு வெள்ளி இருக்கிறது, அனுப்புகிறேன். தவுக்கேயிடம் தவணை கேட்டுப் பார். ஒப்புக்கொள்ளாவிட்டால் செமோருக்கு வந்துவிடு. லம்பத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடையே இல்லை. நான் தின்கிறதைப் பார்த்தால் நீ அழுவாய்.

சீனி


செமோர்
25 ஆகஸ்ட் 1925

அக்காவுக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் தாப்பா ரோட்டில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் முடித்துவிட்டாய், பலகையில் ஏழு இருக்கும்போதே நாலு வெள்ளிக்குக் கையை நீட்டிவிட்டாய் என்று. இரண்டாம் தடவை படித்தபோது தேதியைப் பார்த்தேன். நீ முடித்த மறுநாள் பலகையில் மூன்று. உங்களுக்குக் கிடைத்தது நாலு. கருப்பம்மாளிடம் நான் தோற்றேன் என்று சொல்ல வேண்டாம், அவளுக்கே தெரியும்.

லிம் தவுக்கே நேற்று ஹாலம் ஆபீஸ் வாசலில் நின்று கத்தினாராம். ஒரு நாள் பொறுத்திருந்தால் மூன்றோடு போயிருக்குமே, இது என்ன நியாயம் என்று. நியாயம் என்ற வார்த்தை அவர் வாய்க்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தை உடைக்கப் பார்ப்பார். விடாதே. சாப்பு குத்தின பிறகு பேச்சில்லை.

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐயாவுக்கு மூன்று வெள்ளிதான் கிடைத்தது. ரசீதை வாங்கிக்கொண்டு கடை கொடுக்க அவருக்கு ஒரு தவுக்கே இல்லை. "நான் என்ன தப்பு செய்தேன், தம்பி" என்று ஒரே வரி எழுதியிருக்கிறார். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் தப்பித்தீர்கள், விதி அப்படியே இருக்கிறது. பழனியப்பன் போன ஞாயிற்றுக்கிழமை வேறொரு தோட்டத்துக்கு மைப்பெட்டியோடு போனாராம். அந்தத் தோட்டத்துக் கிராணிக்கும் எழுதியிருக்கிறேன். எழுதிக்கொண்டே இருப்பேன், வேறு என்ன செய்வது.

இத்துடன் இரண்டு கதவுக்கும் பிளான் வரைந்து அனுப்புகிறேன். நீ அனுப்பிய அளவில் பின்சுவர் ஒரு அடி தப்பு, நேரில் வந்து அளக்கிறேன். அடுத்த கதவுப் பிளானில் எட்டுப் பேருடைய பேரையும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே கிரயத்திலும் வர வேண்டும்.

கிரயத்தன்று லாயர் ஆபீசில் அவசரப்படுத்துவார்கள். முதலில் பேர் எழுதட்டும். எழுதினதை நீ சத்தமாக வாசி. அதுவரை எல்லாரையும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்.

சீனி


தெலுக் ஆன்சன்
5 செப்டம்பர் 1925

தம்பி சீனிக்கு,

கிரயம் முடிந்தது.

எட்டுப் பேரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். கங்காணி என்ன சொன்னான் என்று கேட்டேன். "கடைக்காரின்னு கூப்பிடச் சொன்னேன், வாயை மூடிக்கிட்டான்" என்றாள் வீரம்மா. அடுத்த கதவை ஒரு முடிவெட்டுகிறவருக்கு வாடகைக்குப் பேசியிருக்கிறார்கள். ஐயாவு எப்போது இந்தப் பக்கம் வந்தாலும் நம் கடையில் அவருக்குக் காசு வாங்கக்கூடாது என்று காளியம்மா எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாள். என் கடையில் அவள் உத்தரவு. அவருக்குப் பதில் எழுதும்போது இதையும் எழுது. அது பதிலாகாது, எனக்குத் தெரியும். ஆனாலும் எழுது.

லிம் தவுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பு குத்தினார். போகிறபோது, "குழம்பு இனிமே காசா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

லாயர் ஆபீஸ் கிராணி சின்னப் பையன், அவசரக்காரன். உன்னை மாதிரி. பெரிய தாளை விரித்து மைப்பெட்டியைத் திறந்து, "எல்லாரும் வரிசையா ரேகை வச்சிட்டுப் போங்கம்மா. பேரை நான் அப்புறமா நிரப்பிக்கிறேன், எட்டுப் பேர் எழுத நேரமாகும்" என்றான்.

யாரும் அசையவில்லை. அவன் தலை நிமிர்ந்து பார்த்தான். பெஞ்சில் ஒன்பது பேரும் கையை மடியில் வைத்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கையெழுத்துத் தெரியும், ஆனாலும் நானும் மடக்கியிருந்தேன்.

"ஏன் எல்லாரும் கையை மூடிக்கிட்டு இருக்கீங்க?" என்றான்.

"நீ எழுது லா" என்றாள் காளியம்மா. "அப்புறம் திறக்கிறோம்."

அக்கா
நல்லம்மாள்